ஆடி மாதத்தில் தேதி வாங்கியவள்

எலுமிச்சம்பழத் தோலில் நகம் படுகிறது. அவ்வளவுதான். அந்த நெடி மூக்கின் உச்சியில் ஏறி நிற்கும்போது நான் இங்கே இல்லை. சாரல் அடிக்கிற ஒரு ஆடி மாதத்தில், வலது கையில் கரண்டியும் இடது கையில் எலுமிச்சம்பழமுமாக, அடுப்புக்கும் சன்னலுக்கும் நடுவே நடந்துகொண்டிருக்கிறேன். நடந்து, நின்று, மறுபடி நடந்து. அந்த இரண்டு வாரமும் நான் உட்கார்ந்ததாகவே ஞாபகம் இல்லை.

உட்கார்ந்தால் பசிக்கும். பசித்தால் யோசிப்பேன். யோசித்தால் போகமாட்டேன்.

போகவேண்டிய இடம் திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரி. எடை குறைய ஆபரேஷன். இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு மிச்சத்தைக் குழாய் மாதிரித் தைத்து வைப்பார்கள். கொள்ளு குடித்து, வெந்தயம் குடித்து, விடியற்காலை குற்றாலம் ரோட்டில் நடந்து எல்லாம் பார்த்தாகிவிட்டது. இறங்கும், இறங்கினதைவிடக் கூடுதலாக ஏறும். முட்டி இரண்டும் போயிற்று. சர்க்கரை வந்தது. அதற்கும் மேலே, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. எனக்கு அது தெரியாது. பக்கத்தில் படுத்திருக்கிற மனுஷனுக்குத்தான் தெரியும். ஒரு நாள் காலையில் வாயில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "நீ மூச்சு விடுதியா இல்லியான்னு பாத்துக்கிட்டே கெடக்கேன். எனக்கு உறக்கமில்ல, பாத்துக்கோ."

கோபமாகத்தான் சொன்னார். பயத்தை அவருக்குக் கோபமாகத்தான் சொல்லத் தெரியும்.

டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, இரண்டு வாரம் திரவ ஆகாரம் மட்டும். "ஈரல் கொழுத்துப் போயிருக்கும்மா. அது சுருங்கினாத்தான் உள்ள கருவி போக வழி கிடைக்கும். சுருங்கலேன்னா செய்யாமலே திருப்பி அனுப்பிருவேன்." இரண்டு, கூட ஒரு ஆள் வேண்டும். முந்தின நாளே வந்து, இனிமேல் நான் எதை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று அந்த ஆளும் உட்கார்ந்து கேட்க வேண்டும். வீட்டுக்கு அனுப்புகிற வரைக்கும் கூடவே இருக்க வேண்டும்.

தேதி சொன்னார். தலையாட்டினேன். பஸ்ஸில் ஏறி, பாவூர்சத்திரம் தாண்டி, மலை தெரிய ஆரம்பித்தபிறகுதான் உறைத்தது. ஆடி. மலைமேல் மேகம் உட்கார்ந்திருக்கிறது. தென்காசிக்காரி எவளாவது ஆடியில் தேதி வாங்குவாளா?

வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. எங்கள் கடை குற்றாலம் ஐந்தருவியில், வண்டிகள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில். துண்டு, டிரவுசர், சோப்பு, சின்னப் பாக்கெட்டில் எண்ணெய். சாரல் காலத்தில் விற்பதுதான் விற்பது. மற்ற மாதங்களில் அவர் ஈ ஓட்டுவார், நான் அவரை ஓட்டுவேன். அருவியில் தண்ணீர் விழுகிறபோது கடையை அடைத்துவிட்டு ஆஸ்பத்திரியில் போய் உட்காருவதா? போதாததற்கு, ஆடியில் எங்கள் வீடு வீடாக இருக்காது, சத்திரமாக இருக்கும். அவருடைய அக்கா, என் மதினி, மதுரையிலிருந்து வேன் நிறையப் பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்குவாள்.

"தேதிய மாத்த முடியாதோ?" என்றார் அவர்.

"மாத்துனா நான் போகமாட்டேன்."

"சரி. உன் இஷ்டம்."

உன் இஷ்டம். அனுமதி மாதிரி இருக்கும். கையைப் பிடித்து வாசலுக்கு வெளியே கொண்டுவிட்டுக் கதவைச் சாத்துகிற மாதிரியும் இருக்கும். கூட யார் வருவது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கேட்டு, 'சீசன்ல எப்பிடிட்டி' என்று வந்துவிட்டால்?

ஆஸ்பத்திரியில் ஒரு போன் நம்பர் கொடுத்திருந்தார்கள். போன வருஷம் இதே ஆபரேஷன் செய்துகொண்ட புளியங்குடிக்காரி ஒருத்தி. யாராவது பயந்தால் பேசச் சொல்லுங்கள் என்று அவளே கொடுத்துவைத்த நம்பராம். கூப்பிட்டேன். பின்னால் லாரி சத்தம், ஏலக் கூப்பாடு. எலுமிச்சம்பழக் கமிஷன் கடை வீடு.

"பயமாருக்கா?" என்றாள், பேர்கூடக் கேட்காமல்.

"ஆமாக்கா."

"நல்லது. பயமில்லாதவளுக்கு நான் என்னத்தச் சொல்ல? கூட யாரு இருக்கா?"

"வீடு நிறைய ஆளு வரப் போறாகக்கா."

"அது கூட்டம். கூட யாரு இருக்கான்னு கேட்டேன்."

லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

திரவ ஆகாரம் தொடங்கின மறுநாள் புளியங்குடிக்காரியே கடையை விசாரித்து வந்துவிட்டாள், அருவிக்குக் குளிக்கப் போகிற சாக்கில். கடையில் நான் உட்கார இரண்டு பிளாஸ்டிக் சேரை ஒன்றுமேல் ஒன்றாகப் போட்டிருக்கும். ஒற்றைச் சேர் ஒரு தடவை கால் விரிந்து என்னைக் கீழே தள்ளியதிலிருந்து அவர் வாய் பேசாமல் செய்துவைத்த ஏற்பாடு. அந்த இரட்டைச் சேரைப் பார்த்ததும் அவள் சிரித்தாள். "நீதானட்டி அது. எங்க வீட்லயும் இப்பிடித்தான் கெடந்துச்சு."

தொங்குகிற துண்டுகளுக்குப் பின்னால் என்னை இழுத்துக்கொண்டு போய், சேலையை லேசாக விலக்கி வயிற்றைக் காட்டினாள். சின்னச் சின்னத் தழும்புகள், கொசு கடித்து ஆறினது மாதிரி. அதைவிட என் கண் போனது, காற்றுப் போன பை மாதிரித் தொங்கிய தோலுக்கு.

"பாத்துக்கோ. இதையும் யாரும் சொல்லமாட்டாக, நான் சொல்லுதேன். முடியும் கொட்டுச்சு எனக்கு. பெறவு வந்துட்டு."

"பசிக்காதாக்கா?"

"வயித்துக்குப் பசிக்காது. சாயங்காலம் ஆறு மணிக்குப் பசிக்கும் பாரு, கைக்கும் வாய்க்கும். அதுக்கு ஆபரேஷன் கெடையாது."

ஒரு துணிப்பை நிறைய எலுமிச்சம்பழத்தை மேசையில் வைத்தாள். "அடுப்புகிட்ட நிக்கையில ஒண்ண நகத்தால கீறி மோந்துக்கோ. வேற வாசம் ஏறாது. அப்புறம், உப்புப் பாக்காத. ஒரு சொட்டுத்தானன்னு உள்ளங்கையில ஊத்துவ, பெறவு கரண்டி, பெறவு கிண்ணம். நான் அப்பிடித்தான் ரெண்டு நாளு கெட்டேன். உப்புக்கு ஒரு ஆளப் போட்டுக்கோ."

போகும்போது ஒரு டிரவுசருக்குப் பேரம் பேசி, அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொண்டு போனாள்.

மதினியின் வேன் அன்று சாயங்காலமே வந்தது. அருவியில் குளித்தவர்களின் பசியைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். தலை துவட்டாமல், உதடு நீலம் பாரித்து, உள்ளே வரும்போதே 'என்ன இருக்கு?' என்று வருவார்கள். காலையில் அருவிக்குக் கட்டிக்கொடுக்கப் புளியோதரை. மத்தியானம் சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு. தேங்காய்ப்பால் பொங்கி வருகிற நேரத்தில் நான் எலுமிச்சம்பழத்தைக் கீறி மூக்கில் அப்பிக்கொள்வேன். மோர், தெளிந்த சூப், மாவு வாசனை அடிக்கிற புரோட்டீன் பவுடர் தண்ணீர், இதுதான் எனக்கு. தலை கனத்தது. யார் பேசினாலும் எரிச்சல் வந்தது. இந்த அறையில் இருந்தால் அந்த அறைக்குப் போகத் தோன்றும். அங்கே போனால் எதற்கு வந்தோம் என்று தெரியாது.

உப்புப் பார்க்காமல் வைத்த முதல் சொதியை வாயில் வைத்ததும் மதினி நிமிர்ந்தாள்.

"ஏட்டி, என்ன, தூத்துக்குடிக்குப் போயா தண்ணி மோந்துட்டு வந்த?"

பந்தி முழுக்கச் சிரிப்பு. மறுநாள் பயந்து குறைத்தேன். "இன்னைக்குப் பத்தியமா?" என்றாள். நான் சாப்பிட உட்காராததையும் அவள் பார்த்துவிட்டாள். மதினியின் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"விரதம் மதினி," என்றேன். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. "தண்ணி ஆகாரந்தான். ஒரு வேண்டுதல்."

"என்ன வேண்டுதல்?"

"சொன்னா பலிக்காது."

அதற்கப்புறம் மதினி ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. என்னைப் பார்க்கிற பார்வையில் ஒரு மரியாதை வந்துவிட்டது. பிள்ளைகளை 'அத்தைகிட்டப் போய் ஆடாதீங்க, விரதத்துல இருக்கா' என்று விரட்டினாள்.

மூன்றாம் நாள் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தபோது, கடைக்குக் கிளம்பி நின்ற அவர் அடுப்படிக்குள் வந்தார். கல்யாணமான நாள் முதல் தண்ணீர் குடிக்கக்கூட அந்த வாசலைத் தாண்டாத மனுஷன். பக்கத்தில் வந்து நின்று, உள்ளங்கையை நீட்டினார்.

"ஊத்து."

"என்னது?"

"உப்புப் பாக்கணும்லா? நீ பாக்கக் கூடாதுன்னா யாரு பாக்குதது? ஊத்து."

ஊற்றினேன். சுட்டுவிட்டது. கையை உதறினார், நக்கினார், கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "கொஞ்சம் போடலாம். ரொம்பப் போட்ராத." அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதிலிருந்து தினமும் கடை திறக்கிற நேரத்தைத் தள்ளிப் போட்டார், ஆடியில். உள்ளங்கையில் ஒரு சிவப்பு கடைசிவரைக்கும் இருந்தது. ஆனாலும் கூட வருவாரா என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே அடுப்புக்கும் சன்னலுக்கும் நடந்தேன்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை மதினி என்னை அடுப்படியிலிருந்து வெளியே தள்ளினாள். "போ, இன்னைக்கு நான்." உள்ளே வெல்லம் உருகுகிற வாசனை. நெய்யில் முந்திரி. எலுமிச்சம்பழத்தைத் தேடினேன், பை காலி. வாசலுக்குப் போனேன், சாரல். மாடிக்குப் போனேன், அங்கேயும் அந்த வாசனைதான் வந்தது. இறங்கினபோது மதினி டம்ளரோடு நின்றாள். பாசிப்பருப்புப் பாயசம், ஆவி பறக்க.

"குடி. தண்ணி ஆகாரந்தானட்டி இது? பல்லுல படாம கரைச்சு வச்சிருக்கேன். சாமி ஒண்ணும் கோவிச்சுக்கிடாது."

டம்ளரை வாங்கிவிட்டேன். உதட்டருகே கொண்டுபோன ஞாபகம் இருக்கிறது. ஆவி மூக்கில் பட்டது, கண்ணில் தண்ணீர் வந்தது. ஒரு வாய். ஒரு வாயில் ஈரல் என்ன வளர்ந்துவிடப் போகிறது? ஆனால் ஒரு வாயோடு நிற்கிறவளாக இருந்தால் எனக்கு எதற்கு ஆபரேஷன்?

"விரதம் இல்ல மதினி," என்றேன். "ஆபரேஷன். வர்ற வாரம். இரைப்பைய வெட்டி எடுக்கப் போறாக. எடை குறைய."

மதினி டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பொய் சொன்னியா, சாமி பேரச் சொல்லி?"

"ஆமா மதினி."

"நல்லா இருக்குத உடம்ப எதுக்குட்டி வெட்டணும்? கொஞ்சம் வாயக் கட்டுனா போதாதா?"

"கட்டித்தான் நிக்கேன் மதினி. இந்தா பாருங்க." டம்ளரை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். "முப்பது வருஷமா கட்டுதேன், அவுக்கேன். எனக்குக் கை வலிக்கு."

அவள் முகம் சிறுத்துப்போனது. நான் பாயசத்தைத் திருப்பியதாக அவள் எடுத்துக்கொள்ளவில்லை. அவளைத் திருப்பிவிட்டேன் என்று எடுத்துக்கொண்டாள். அந்தப் பாயசத்தை ஒருவரும் குடிக்கவில்லை. அன்றும் மறுநாளும் என்னோடு பேசவில்லை. பேசவேண்டியதைப் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை வேன் கிளம்ப வேண்டும். பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தவள், என் பக்கம் திரும்பாமல், தம்பியிடம் கேட்டாள்.

"இவகூட ஆஸ்பத்திரிக்கு யாருலே போறா?"

நான் கேட்காத கேள்வி. இரண்டு வாரமாக நெஞ்சுக்குள்ளேயே வைத்து நடந்த கேள்வி. துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததை மறுபடி பிரித்து மடித்தேன்.

அவர் உள்ளங்கையைப் பார்த்தார். "நான்தான் போகணும். கடைய அடைச்சிருவேன்."

"ஆடியிலயா?"

"அடைச்சாத்தான் என்ன?" குரல் உயர்ந்தது. அதே கோபம். "கட எங்கயும் போயிராதுல்லா?"

மதினி பெட்டியின் ஜிப்பைப் பாதியில் நிறுத்தினாள். "பைத்தியக்காரப் பய. தண்ணி விழும்போது கடைய அடைப்பானாம்." பெட்டியிலிருந்து தன் சேலைகளை மட்டும் எடுத்துக் கட்டிலில் போட்டாள். "பிள்ளைகள் போகட்டும். நான் கடையில இருக்கேன். இவ செய்யுதது சரின்னு நான் சொல்லல, ஆமா. எனக்குப் பிடிக்கல. பிடிக்கலேன்னா கடைய அடைக்கணுமா?"

"துண்டுல ரெண்டு ரகம் இருக்குக்கா, வெல…"

"எங்கப்பா கடையில தவழ்ந்தவ நான். எனக்கு நீ சொல்லித் தாரியோலே?"

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின காலையில் சாவி கொடுக்க ஆட்டோவைக் கடைக்கு விட்டோம். அவர் இறங்கிக் கதவைத் தூக்கிவிட்டு வந்தார். சாரல் கடைக்குள்ளே வரைக்கும் அடித்தது. அருவிச் சத்தத்தில் யாரும் சாதாரணமாகப் பேச முடியாது. எல்லோரும் சண்டை போடுகிற மாதிரித்தான் கத்துவார்கள். மதினி போய் என் இரட்டைச் சேரில், அதைப் பிரிக்காமல், அப்படியே உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. துண்டுகளை உதறி உதறித் தொங்கவிட்டாள்.

"போயிட்டு வாரேன் மதினி."

அவள் அடுத்த துண்டை உதறினாள். ஆட்டோவில் ஏறினேன். அது எப்போதும்போல என் பக்கம் சாய்ந்தது. டிரைவர் கியரைப் போட்ட பிறகு, அவள் துண்டை விட்டுவிட்டு மழையில் இறங்கி ஓடிவந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் வழிந்தது சாரலா வேறா என்று நான் பார்க்கவில்லை.

"ஏட்டி," என்று கத்தினாள், "நீ எளச்சு வந்து நின்னா எனக்கு அடையாளம் தெரியாது. வரும்போது மதினி மதினின்னு கூப்பிட்டுக்கிட்டே வா, என்னா?"