மடியில் வைத்திருந்த கவர்

எலுமிச்சைத் தோலை யார் கீறினாலும் இன்றும் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்த வாசனைக்குள் ஒரு வேன் ஓடுகிறது. காலடிப்பேட்டையில் எங்களை ஏற்றிக்கொண்டு எண்ணூர்ப் பக்கம் இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போகிற வேன். சுற்றிலும் கண்டெய்னர் லாரிகள். டீசல், உப்பு, வியர்வை, நடுவில் நான்.

வாந்தி என்றால் எனக்குச் சாவு. ஜன்னலோரம் கிடைக்காமல் உட்கார மாட்டேன். கையில் எலுமிச்சை, மடியில் பிளாஸ்டிக் கவர், வெறும் வயிறு. விவரம் தெரிந்து ஒருமுறைகூட எடுத்ததில்லை. எடுத்துவிடுவேனோ என்றே தினமும் செத்தேன். வேனில் என் பெயர் கவரக்கா. வேலையை விட்டுவிடலாமா என்று நினைக்காத காலை கிடையாது. விட்டால், பிறகு வாசலைத் தாண்டவே மாட்டேன் என்றும் தெரியும்.

அப்போதுதான் என் பக்கத்தில் நின்று இறால் உரிப்பவள் கர்ப்பமானாள். புள்ளத்தாச்சிக்கு ஜன்னலோரம் என்பது எங்கள் வேனின் சட்டம். நான் எழுந்திருக்கத் தயங்கினேன்.

"இன்னா கவரக்கா, ஒனக்கு எத்தினி மாசம்?" என்றாள் பின்சீட்டுக்காரி. வேனே சிரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்தேன்.

சில நாளில் என் எலுமிச்சையையும் அவளே வாங்கித் தின்றாள். கவரையும் கேட்காமல் எடுத்து நிரப்பினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் ஜன்னல் இல்லாமலும் வாந்தி வராமல் கம்பெனி போய்ச் சேர்ந்தேன். பழம் இல்லாமலும் போய்ச் சேர்ந்தேன். அதுதான் இன்னும் ஆத்திரம். அப்படியென்றால் இத்தனை காலம் இவை என்னைக் காப்பாற்றவே இல்லையா?

மிச்சமிருந்தது வெறும் வயிறு. அதை நானே விட்டேன். முதலில் டீ. பிறகு பன். ஒரு நாள், வீம்புக்கு, இட்லியும் வடகறியும்.

அன்று லாரிகள் நகரவில்லை. எனக்கு வந்தது. கவர் அவள் கையில், ஏற்கெனவே நிரம்பி. கதவைத் தள்ளி இறங்கி லாரி டயரோரம் குனிந்தேன். கண்ணீர், மூக்கில் காரம். முடிந்தது. வெயில் அப்படியே அடித்துக்கொண்டிருந்தது.

இதற்கா? இதற்காகவா பந்தியில் பாதியில் எழுந்தேன், பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு வர மாட்டேனென்று அழுதேன்? டயரை எட்டி உதைத்தேன். லாரிக்காரன் தலையை நீட்டித் திட்டினான். நானும் திட்டினேன், அவனையல்ல.

வளைகாப்பு முடிந்து அவள் அம்மா வீட்டுக்குப் புறப்பட்ட அன்று, ஆட்டோவில் உட்கார்ந்தபடி ஒரு புதுக் கவரை மடித்து நீட்டினாள்.

"இந்தா, ஒன் சொத்து. நான் இல்லன்னா பயந்துகினு கெடப்ப."

"நீயே வச்சிக்கடி," என்றேன். "வழில ஒனக்குத்தான் வோணும்."