கண்ணாடி எரிஞ்சுபோன கப்பல்

என் தம்பி சுயம்புலிங்கம் ஒரு நாள் வீட்டில இருந்த கண்ணாடி எல்லாத்தையும் எடுத்துத் துணியில சுத்திக் கட்டிலுக்கு அடியில தள்ளினான். கழற்ற முடியாத பீரோக் கண்ணாடி மேல தன்னோட கைலியை விரிச்சுப் போட்டான். "இனி எனக்குக் கண்ணாடியும் வேண்டாம், தாங்கலும் வேண்டாம்" என்று சொன்னான்.

அய்யாவழியில பொறந்து வளர்ந்த உங்களுக்கு இது எப்படிப்பட்ட வார்த்தை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். நாங்க கும்பிடுற இடம் நிழல்தாங்கல், அதைத்தான் தாங்கல்னு சொல்லுவோம். அங்க சிலை கிடையாது. கருவறை மாதிரி இருக்கிற பள்ளியறையில ஒரு நிலைக்கண்ணாடியும் அதுக்கு ரெண்டு பக்கமும் விளக்கும்தான். நெற்றியில வெள்ளை நாமம் போட்டு, ஆம்பிளைங்கன்னா தலைப்பாகை கட்டி, அந்தக் கண்ணாடி முன்னால நிப்போம். அதில தெரியிறது நம்ம முகம். அதுக்குள்ளதான் எங்க சாமியான அய்யா இருக்கார். கண்ணாடி வேண்டாம்னு ஒருத்தன் சொன்னா, சாமி வேண்டாம்னு சொல்றான்.

என் பேரு நாராயணவடிவு. இராஜாக்கமங்கலம் பக்கத்தில ஒரு பள்ளிக்கூடத்தில சயின்ஸ் டீச்சரா இருக்கேன். அப்பா இல்லை. அம்மா, நான், தம்பி. தம்பி சரக்குக் கப்பல்ல எஞ்சின் ரூம்ல வேலை பார்த்தான். ஒரு தடவை ஏறினா பல மாசம் கரை காணமாட்டான்.

நான் லீவு நாள்ல விஞ்ஞானக் கதை எழுதுவேன். ரெண்டு மூணு பத்திரிகையில வந்திருக்கு. ஒரு நீளமான கதை ஆரம்பிச்சேன். பூமியை விட்டுப் போன ஒரு பெரிய விண்கப்பல். போனவங்க எல்லாரும் செத்துப்போய் அவங்க பேரப்பிள்ளைகள் அதில வாழுறாங்க. மண்ணையோ மழையையோ கண்ணால பார்க்காத ஜனங்க. கப்பல்ல வாழ்றது எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியாதில்லையா, தம்பிகிட்ட கேட்பேன். அவன் கடல்ல இருந்து வாய்ஸ் மெசேஜ் அனுப்புவான். நான் ஒரு கேள்வி கேட்டா அவன் நாலு கேள்வி திருப்பிக் கேட்பான்.

"யக்கா, ஒனக்க கப்பல்ல சாமி உண்டுமா?"

எனக்கு அது தோணவே இல்லை. காத்து எங்கிருந்து வருது, தண்ணியை எப்படிச் சுத்தம் பண்ணுவாங்க, இதெல்லாம்தான் யோசிச்சிருந்தேன்.

"சூரியனையே பாக்காத பிள்ளைக்கு ஞாயித்துக்கிழமைன்னா என்னதுன்னு சொல்லுவ?" என்று கேட்டான். நாங்க ரெண்டு பேரும் வாரக்கணக்கா இதைப் பேசினோம். கடைசியில, கப்பல்ல இருக்கிற எல்லாரும் பெரியவன் சின்னவன் பார்க்காம ஒண்ணா உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிடுற நாள்தான் அவங்களுக்கு ஞாயிறு என்று முடிவு பண்ணினோம். சாமிக்கு ஒரு கண்ணாடி. பூமியில இருந்து யாரோ ஒரு அம்மா கொண்டு போனது. தம்பி தன்னோட கேபின்லயும் சின்னதா ஒண்ணு வச்சிருந்தான். துண்டைத் தலையில கட்டிக்கிட்டு அது முன்னால நிப்பானாம். கூட வேலை செய்ற வெளிநாட்டுக்காரன் ஒருத்தன், இவன் தினமும் அழகு பார்க்கிறான்னு நினைச்சுச் சிரிச்சானாம். அதைச் சொல்லிச் சொல்லி எங்களையும் சிரிக்க வைப்பான்.

ஒரு ஆனி மாசம் கப்பல் கம்பெனியில இருந்து போன் வந்துது. எஞ்சின் ரூம்ல எண்ணெய்க் குழாய் வெடிச்சுத் தீப்பிடிச்சிட்டு, தம்பி உள்ளே மாட்டிக்கிட்டான், உயிர் இருக்கு, வெளிநாட்டு ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம் என்று சொன்னாங்க. அம்மா போனை என் கையில இருந்து வாங்கி, "எம்பிள்ளைகிட்ட குடுங்க" என்று கேட்டாங்க. குடுக்க முடியாத நிலைமை.

தாங்கலுக்கு ஓடினேன். அங்கேயே விழுந்து கிடந்தேன். "அய்யா, போனது போலவே எனக்கு அவனைத் தாரும்" என்று கேட்டேன். பல மாசம் அதையேதான் கேட்டேன்.

அவன் வந்தான். திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல நானும் அம்மாவும் காத்து நின்னோம். சக்கர நாற்காலியில ஒருத்தரைத் தள்ளிக்கிட்டு வந்தாங்க. அம்மா வழியை விட்டு விலகி நின்னு, அந்த நாற்காலிக்குப் பின்னால எட்டிப் பார்த்தாங்க, பிள்ளை வாறானான்னு.

"அம்மா" என்றது அந்த நாற்காலி. "நான்தான்."

அதுக்கு மேல அந்த நாளைப் பற்றி என்னால எழுத முடியல.

முகத்தில பாதி, கழுத்து, ரெண்டு கை எல்லாம் வெந்துபோச்சு. விரல் மடக்க முடியாது. புகை நெஞ்சுக்குள்ள போய் நுரையீரல் கெட்டுப்போச்சு. நாலு வார்த்தை பேசினா இருமல். பேசி வச்சிருந்த கல்யாணம் பேச்சோட நின்னுது. சொந்தக்காரங்க பார்க்க வந்தாங்க, பார்க்க முடியாம தரையைப் பார்த்துக்கிட்டே பேசிட்டுப் போனாங்க. அதுக்கு அப்புறம்தான் அவன் கண்ணாடியெல்லாம் சுருட்டி வச்சது. முற்றத்தைக்கூட எட்டிப் பார்க்கல.

நான் கதையை நிறுத்திட்டேன். தாங்கலுக்குப் போறதை நிறுத்தல. ஆனா போய் நின்னு சண்டைதான் போடுவேன். போனது போலத் தாரும்னுதானே கேட்டேன், இதையா தந்தீர்? என் முகமே எனக்குக் கண்ணாடியில பிடிக்கல. முழுசா இருந்துச்சே, அதனால.

ஒரு நாள் சண்டை போடவும் தெம்பில்லை. அன்னைக்குத்தான் மாத்திக் கேட்டேன். "அய்யா, பழைய முகம் வேண்டாம். அவன் ஒரு தடவை உம்ம முன்னால வந்து நிக்கட்டும். பயப்படாம ஒரு தடவை. அது போதும்."

கொஞ்ச நாள் கழிச்சு, மத்தியானம் நான் அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கிட்டு இருந்தேன். திடீர்னு கேட்டான்.

"அந்தக் கப்பல் என்னாச்சு யக்கா?"

"எந்தக் கப்பலு?"

"ஒனக்க கப்பல்தான். வாசி, கேக்கட்டும்."

எழுதின வரைக்கும் வாசிச்சேன். கண்ணை மூடிக் கேட்டான். முடிச்சதும் அவனுக்குக் கோபம் வந்துட்டுது.

"இத்தனை வருசம் ஓடின கப்பல்ல ஒரு தீ பிடிக்கலியா? ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகலியா? சும்மா பொய் எழுதியிருக்க. தீயை வை."

"வேண்டாம் மக்கா."

"வை யக்கா. நான் சொல்லியேன், நீ எழுது."

அவன் சொன்னான், நான் எழுதினேன். சத்தம் எப்படி வந்துது, விளக்கு எப்படி அணைஞ்சுது, புகை முதல்ல எங்கே சேரும், உள்ளே மாட்டின எஞ்சின்காரன் முதல்ல எதைத் தேடுவான். இருமி இருமிச் சொன்னான். ஆஸ்பத்திரியில டாக்டர்கிட்டயும் எங்ககிட்டயும் சொல்லாத எல்லாத்தையும் அந்தக் கதைக்குள்ள சொன்னான். அழுதா நிறுத்திருவான்னு அழாம எழுதினேன். அந்தத் தீயில கண்ணாடியும் போச்சு என்று சொன்னான்.

"கரியைத் தொடச்சுக்கிடலாம்லா?"

"தொடச்சாலும் போவாது. உருகிக் கறுத்துப் போச்சு. ஒண்ணும் தெரியாது அதில."

"அப்ப வேற கண்ணாடி?"

"நடுவானத்தில கடையா இருக்கு?" சிரிச்சான். வந்த பிறகு அவன் சிரிச்சது அன்னைக்குத்தான். அப்புறம் சிரிப்பு நின்னுது. "இனி அந்த ஜனங்க எங்க போய் நிப்பாவ? அதைச் சொல்லு நீ."

கதை அங்கேயே நின்னுட்டுது. நான் என்னென்னவோ சொன்னேன். அற்புதமா ஒரு வெளிச்சம் வந்ததுன்னு எழுதலாமா என்று கேட்டேன். "பொய்" என்றான். கண்ணாடி இல்லாமலே கும்பிட்டாங்கன்னு எழுதலாமா என்று கேட்டேன். "கும்பிடுவாவ. ஆனா ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மூலையில போயிருவாவ. கப்பல் செத்துப்போவும்" என்றான். அவன் மூலையில இருந்துதான் அதைச் சொன்னான்.

மழை பெய்ஞ்சுக்கிட்டிருந்த ஒரு சாயங்காலம் அவனே ஆரம்பிச்சான்.

"யக்கா, அவங்க ஒருத்தருக்கு ஒருத்தர் நேர் எதிரா நிப்பாவ. ஒருத்தர் முகம்தான் அடுத்தவங்களுக்குக் கண்ணாடி. அப்படி எழுது."

எழுதினேன். பேனா ஓடுச்சு. அவன் விடல.

"அந்த எஞ்சின்காரன் இருக்கியான்லா, தீயில வெந்தவன். அவனுக்கு எதிரா யாரு நிப்பா?"

"ஒரு சின்னப் பிள்ளை" என்று சொன்னேன்.

"அது பயப்படாதா?"

பயப்படாதுன்னு சொல்ல வந்தேன். அவன் பொய்யைக் கண்டுபிடிச்சிருவான்.

"பயப்படும் மக்கா."

"அப்புறம்?"

"அப்புறமும் நிக்கும்."

நான் பேனாவை வச்சிட்டு அவனுக்கு நேர் எதிரா உட்கார்ந்தேன். வந்த நாளில இருந்து நான் அவன் தோளையோ கையில போட்டிருந்த கட்டையோ பார்த்துத்தான் பேசியிருக்கேன் என்று அப்பத்தான் எனக்கே உறைச்சுது. அன்னைக்கு முகத்தைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். அழுதோம். அடுப்படியில இருந்து வந்த அம்மாவும் எங்க பக்கத்தில உட்கார்ந்தாங்க.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில குளிச்சிட்டு வந்து, "அம்மா, தலைப்பா கட்டித் தாங்க" என்று துண்டை நீட்டினான். அவன் விரலால கட்ட முடியாது. அம்மா கட்டினாங்க. கட்டி முடிக்க வெகு நேரம் ஆச்சு. அம்மாவுக்குக் கண் தெரியல, அவ்வளவு அழுகை.

நடந்தே போனோம். ரோட்டில ஆட்கள் நின்னு பார்த்தாங்க. தாங்கல்ல பணிவிடை செய்ற பெரியவர் நாமம் போடக் கையைக் கொண்டு போயிட்டு, தழும்பைப் பார்த்து நிறுத்தினார்.

"வலிக்குமா மக்கா?"

"அங்க ஒண்ணும் தெரியாது. போடுங்க."

தழும்பு மேல திருமண் சரியாப் பிடிக்கல. ரெண்டு தடவை போட்டார். அவன் பள்ளியறைக்கு நேரே போய் நின்னான். தலை குனியல. நான் பின்னால நின்னு அவன் முதுகைத்தான் பார்த்தேன். முதுகு நடுங்குச்சு, அப்புறம் நின்னுது. திரும்பி வந்து என்கிட்ட ஒரே வார்த்தை சொன்னான்.

"பாத்துட்டேன் யக்கா."

அய்யா என் வேண்டுதலைக் கேட்ட நாள் அது. வீட்டுக்கு வந்ததும் பீரோ மேல கிடந்த கைலியை அவனே கீழே இழுத்துப் போட்டான். அதுக்கு அப்புறம் ஞாயிறு தவறாமப் போனான். தாங்கல்ல சோறு குடுக்கும்போது எல்லாரோடயும் பந்தியில உட்கார்ந்தான். பந்தியில ஒரு குழந்தை அவனைப் பார்த்து வீறிட்டு அழுதா, "பயப்படு, குத்தமில்ல, சோறு தின்னு" என்று சொல்லுவான்.

தீப்பிடிச்சதுக்கு அடுத்த வருசம், கார்த்திகை மழையில அவனுக்குக் காய்ச்சல் வந்துது. அந்த நெஞ்சு ஒரு காய்ச்சலைத் தாங்காதுன்னு டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். நாகர்கோவில் ஆஸ்பத்திரியில வச்சு, என் கையும் அம்மா கையும் அவன் மேல இருக்கும்போதே போயிட்டான். கண்ணு கடைசி வரைக்கும் எங்களைத்தான் பார்த்துது. பயம் இல்லை அதில. நம்ம முறைப்படி நாமம் போட்டு, வடக்கு நோக்கி உட்கார வச்சு அடக்கம் பண்ணினோம்.

ஒரு தடவைன்னு ஏன் கேட்டேன்? அது போதும்னு ஏன் சொன்னேன்? அதையே நினைச்சு நினைச்சு வெந்தேன். பிறகு யோசிச்சுப் பார்த்தா, நான் கேட்டது ஒரு தடவை. அய்யா தந்தது அத்தனை ஞாயிறு. சிரிப்பு தந்தார், பந்தியில இடம் தந்தார். தம்பி தீயை நெஞ்சுக்குள்ள வச்சுக்கிட்டுச் சாகல, என்கிட்ட இறக்கி வச்சிட்டுப் போனான். இதுக்கு நன்றி சொல்லாம இருக்க முடியுமா? வலி இருக்கு, நன்றியும் இருக்கு. ரெண்டும் ஒரே நெஞ்சில கிடக்கு.

கதையை முடிச்சிட்டேன். நாங்க ரெண்டு பேரும் எழுதினதுன்னு பேர் போட்டுப் பத்திரிகையில வந்திருக்கு. இப்ப நான் சனிக்கிழமைகள்ல தாங்கல் பெண்களோட சேர்ந்து, வீட்டை விட்டு வெளியே வராதவங்க வீடுகளுக்குப் போறேன். மார்த்தாண்டம் பக்கத்தில அடுப்புத் தீயில வெந்த ஒரு தங்கச்சி இருக்கா. முதல்ல கதவைத் திறக்கல. இப்ப திறக்கிறா. புத்தி ஒண்ணும் சொல்லமாட்டேன். அவ முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன்.

உங்க வீட்டிலயும் ஏதோ ஒரு வேண்டுதல் கேட்டபடி வராம கிடக்கலாம். அய்யாகிட்ட சண்டை போடுங்க, பரவாயில்லை. ஆனா வாங்க. வெசனத்தோட வாறவங்க வெசனத்தோடயே வாங்க. சிரிச்ச முகம் கொண்டு வா என்று அவர் யார்கிட்டயும் கேட்டதில்லை. நான் இதை எழுதுறப்போகூட அழுதுக்கிட்டுத்தான் இருக்கேன். வர்ற ஞாயிறும் அழுதுக்கிட்டேதான் போவேன். தனியா வர முடியாதுன்னு நினைக்கிறவங்க சொல்லி அனுப்புங்க, நான் உங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கேன். சேர்ந்து போவோம்.