படுத்துக் கிடந்த காரின் விலை

மாமனார் காலமான பிறகு சொத்தைப் பிரித்தார்கள். வீடு, கடை, வயல் எல்லாம் சச்சரவில்லாமல் பிரிந்தன. கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று, ஓடைப்பட்டியில் கோடையிலும் வற்றாத கிணற்றோடு இருந்த தோட்டம். மற்றொன்று, பருத்தி மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் நான்கு கற்களின் மேல் ஏறி நின்ற மாமனாரின் கார். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது அதை நிறுத்தினார்கள். யுத்தம் முடிந்தும் அது கல்லைவிட்டு இறங்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் அண்ணன் பங்கு வைக்க வேண்டும், தம்பி முதலில் எடுக்க வேண்டும். பங்கு வைப்பவர் ஓரவஞ்சனை செய்தால் குறைந்த பங்கு அவர் தலையிலேயே விழுமல்லவா? அதற்காக ஏற்பட்ட வழக்கம். என் கணவரின் அண்ணன், அதாவது மூத்தார், தோட்டத்தை ஒரு பங்காகவும் காரை ஒரு பங்காகவும் வைத்தார்.

“யுத்தத்துக்கப்புறம் புதுக் காரு எங்கிட்டாவது கண்ணுல படுதா? பழசுக்குத்தான் இப்ப வெல. மதுரையிலயே விசாரிச்சுட்டேன்” என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தம்பிக்கு அந்தக் காரின் மேல் இருந்த பைத்தியம் அவருக்குத் தெரியாததா? என் வீட்டுக்காரர் காலையில் எழுந்ததும் கிட்டங்கிக்குப் போய்விட்டுத்தான் முகம் கழுவுவார். ஆயுதபூஜைக்கு அதற்குத்தான் முதல் மாலை. மூத்தாருக்குத் தேனியில் கடை, பிள்ளை குட்டி கிடையாது. எனக்கு மூன்று குழந்தைகள். தோட்டம் கைவிட்டுப் போனால் காரையா அவித்துப் போடுவேன்? தம்பியின் ஆசையைத் தூண்டிலாக்கித் தோட்டத்தை அமுக்கப் பார்க்கிறார் மனுஷர் என்று உள்ளுக்குள் அவரைத் திட்டித் தீர்த்தேன்.

என் வீட்டுக்காரர் ‘கார்’ என்று வாய் திறக்குமுன் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தேன்.

“வெல தெரியாம எப்பிடி எடுக்கிறதாம்? யாரையாவது கூட்டியாந்து பாக்கச் சொல்லுங்க.”

மூத்தாரோடு நான் நேருக்கு நேர் பேசும் வழக்கமில்லை. வீட்டுக்காரரைப் பார்த்துச் சொல்வதுபோல் அவருக்குச் சொன்னேன். அவரும் சரியென்றார். ஆனால் பார்க்க வந்தவர் சந்தையில் மாடு பிடித்துக் கொடுக்கும் தரகர். காருக்கு மாட்டுத் தரகரா என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. அண்ணன் தம்பி இருவரும் மறுபேச்சில்லாமல் நம்பக்கூடிய ஆள் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான்.

தரகர் காரைச் சுற்றி வந்தார். நான் கிட்டங்கிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். டயரைத் தட்டினார், சீட்டை அமுக்கினார், விளக்கை எட்டிப் பார்த்தார். பல்லைத்தான் பிடித்துப் பார்க்கவில்லை.

“படுத்த மாட்டுக்கு நான் வெல சொல்றதில்ல. மொதல்ல எந்திரிக்க வையிங்க” என்றார்.

என் வீட்டுக்காரர் ஆசையாக ஹாண்டிலை மாட்டிச் சுற்றினார். அசையவில்லை. மூத்தார் கை கொடுத்தார். இருவருமாகத் தொங்கியும் அது இம்மியும் நகரவில்லை. கார் உறுமிவிடக் கூடாதே என்று நான் வேண்டாத சாமியில்லை.

“இறுகிப் போச்சே. உள்ள என்னத்த ஊத்துனீக?” என்று தரகர் கேட்டார்.

“எண்ணெதான். வருசந் தவறாம ஊத்தியிருக்கேன்” என்றார் இவர் பெருமையாக.

தரகர் எஞ்சினுக்குள் விரலைவிட்டு எடுத்தார். விரல் நுனியில் பிசின்போல் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. மூக்கருகே கொண்டுபோனவர் முகம் மாறியது.

“ஏப்பா, இது நல்லெண்ணெயில்ல?”

ஆமாம், நல்லெண்ணெய்தான். ஒவ்வொரு தீபாவளிக்கும் வீட்டில் எல்லோருக்கும் எண்ணெய் வைத்து முடித்ததும், அதுவும் நம் வீட்டு ஜீவன்தானே என்று ஓர் உழக்கு எடுத்துக்கொண்டு போய்க் காருக்கும் ஊற்றியிருக்கிறார். செக்கில் ஆட்டிய முதல் தரமான எண்ணெய். எண்ணெய் உழக்கோடு எங்கே போகிறார் என்று நான் ஒரு வருஷமாவது கேட்டிருந்தால் அந்தக் கார் பிழைத்திருக்கும். நல்லவேளை, கேட்கவில்லை.

தரகர் தோள் துண்டை எடுத்து உதறினார். சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் சொல்வார்கள். முதலில் மூத்தாரின் கையைத் துண்டால் மூடினார். மூத்தாரின் முகம் கல்லாக இருந்தது. பிறகு என் வீட்டுக்காரர் கை. விரல் எனக்குத் தெரியவில்லை, இவர் முகம்தான் தெரிந்தது. அது சுண்டியது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஒரு கறவை மாட்டு விலை, அதுவும் டயருக்காக என்று இவர் பிறகுதான் என்னிடம் சொன்னார்.

“வெல தெரிஞ்சுபோச்சு. வேணும்னா பங்க மாத்தி வையி” என்று தரகர் மூத்தாரிடம் சொன்னார்.

எனக்கு மறுபடியும் திக்கென்றது. மாற்றி வைத்தால் தோட்டத்தை இரண்டாகக் கிழிப்பார்கள். கிணறு எந்தப் பாதியில் போகுமோ?

“வெச்சது வெச்சதுதான். ஏலே, நீ எடு” என்றார் மூத்தார்.

இவர் போய் அந்தக் காரின் மூக்கைத் தடவிக்கொண்டு நின்றார். இத்தனைக்குப் பிறகும் ‘கார்’ என்று சொல்லிவிடுவாரோ என்று கதவிடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன். சின்னவள் என் இடுப்பிலிருந்து “அப்பா” என்றாள். இவர் திரும்பிப் பார்த்தார்.

“தோட்டம்” என்றார்.

அழுதேவிட்டேன். கதவு இருந்ததால் மானம் பிழைத்தது.

தரகர் புறப்பட்டுப் போனதும் மூத்தார் மறுபடியும் கிட்டங்கிக்குள் போனார். நான் காபி கொண்டு போனபோது அவர் காரின் முன் சீட்டில், மாமனார் உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. காபியை வாங்கிக்கொண்டு, இத்தனை வருஷத்தில் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

“எனக்கு இந்தக் காருதான் வேணும் ஆத்தா. மூத்தவன் நான் எப்பிடி வாய் தொறந்து கேக்க? மூணு பிள்ளைய வெச்சிருக்கவ நீ, கண்ண மூடிட்டுத் தோட்டத்த எடுக்கச் சொல்லுவன்னு நம்பித்தான் அப்பிடி வெச்சேன். நீ வெல பாக்கச் சொன்னதும் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு.”