சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னர்

அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்கு வந்திருக்கும் உறவுகளுக்கும் அயலவர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரில் அப்பாவின் நற்பண்புகளை எழுதும்படி அண்ணா கேட்டார். நான் எழுத வேண்டியது வேறொன்றும் இருக்கிறது.

அப்பா வடமராட்சியில் பிறந்து, ஐந்து வயதில் பெற்றோருடன் இரணைமடுக் குளத்தின் கீழ்க் குடியேறினார். வயல், போர், இடப்பெயர்வு, செட்டிகுளம் அகதி முகாம், பிறகு பற்றை வெட்டி அதே வயல். எதை இழந்தபோதும் அவர் புலம்பி நான் கேட்டதில்லை. அம்மா காலமான பின் அவரது வலது கை நடுங்கத் தொடங்கியது. பார்க்கின்சன் நோய் என்றார்கள். அடிக்கடி விழத் தொடங்கியதும் வவுனியாவில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தோம்.

நான் தொழினுட்ப உத்தியோகத்தர். மருந்துக் குளிசை நேரங்களை அட்டவணையாக்கி அவரது அலுமாரியில் ஒட்டினேன்: காலை எட்டு, பகல் ஒன்று, இரவு ஏழு, சாப்பாட்டுடன். 'சாப்பாட்டுடன்' என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை. மறந்துபோகாதிருக்க நானே சேர்த்தது.

ஒரு நாள் நான் போனபோது, பராமரிப்பாளர் புஸ்பம் அக்கா காலை ஏழரைக்கே குளிசை கொடுத்துக்கொண்டிருந்தார்.

"முந்திக் குடுத்தால் ஐயா தானே கோப்பையைப் பிடிச்சுச் சாப்பிடுறார், தங்கச்சி. சாப்பாட்டோட குடுத்தால் மரம் மாதிரி இருக்கிறார்."

"இதுக்கு நீங்கள் படிச்சனீங்களோ?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். பொறுப்பாளரிடம் எழுத்தில் முறைப்பாடும் கொடுத்தேன். அவரைச் சலவையறைக்கு மாற்றினார்கள்.

அதன் பின் அப்பாவுக்கு ஊட்டித்தான் விட வேண்டியிருந்தது. "பிள்ளை, உன்ர அட்டவணைக்குப் பசிக்கேல்லை. எனக்குத்தான் பசிக்குது," என்றார், கேட்டும் கேளாத குரலில். பகிடி என்று சிரித்துவிட்டு வந்தேன்.

மூன்று கிழமைக்குப் பின் கிளினிக்கில் வைத்தியர் அட்டவணையைப் பார்த்தார். "ஆர் இப்பிடி எழுதினது? அரை மணித்தியாலம் முந்திக் குடுங்கோ. முட்டை, பால், பருப்போட போனால் இவருக்கு மருந்து சரியாப் பிடிக்காது."

அன்றே தாளை மாற்றினேன். அப்பா மீண்டும் தன் கையால் சாப்பிட்டார். பிழை யாருடையது என்று மட்டும் நான் எவரிடமும் சொல்லவில்லை.

செத்தவீட்டுக்குப் புஸ்பம் அக்கா வந்திருந்தார். "கடைசி மட்டும் ஐயா தானே சாப்பிட்டவரோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். அடுத்து வந்தவர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்பாவைப் பராமரித்த இல்லத்தாருக்கும், தோள்கொடுத்த அயலவர்களுக்கும், ஈமக்கடன்களில் துணைநின்ற உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

புஸ்பம் அக்கா, நீங்கள் செய்ததுதான் சரி. என்னை மன்னியுங்கள். நீங்கள் இன்றும் சலவையறையில்தான் இருக்கிறீர்கள். இந்த மலரின் முதற்பிரதியைப் பொறுப்பாளரிடம் கொடுத்து, என் முறைப்பாட்டை எழுத்திலேயே திரும்பப் பெறுவேன்.