பேச்சியம்மாள் அக்கா மன்னிக்கவில்லை

செவ்வாய்க்கிழமை காலை, போடி கமிஷன் கடையில் நாங்கள் ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தபோது, பேச்சியம்மாள் அக்கா இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்கியவர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில் அவருக்குத் தலைப்பிரசவம். போடிமெட்டுக்கு மேலே கணவர் தங்கவேலுவின் ஏலத்தோட்டம். ஆட்களுக்குச் சமைக்க வேண்டுமென்று நிறைமாதத்திலும் அவரை அங்கேயே வைத்திருந்தார். வலி எடுத்த அன்று நானும் அங்கே காய் பறித்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்ற ஜீப் நிறைய ஏலக்காய் மூட்டை.

"மூட்டையை எறக்கிட்டு என்னைய ஏத்துங்க" என்றார் அக்கா.

"தலைப்பிள்ளை, அம்புட்டு வெரசா வராது. நாளைக்குப் போடியில ஏலம் விடுறாக. லோடை எறக்கிட்டு வரட்டும், பாப்போம்" என்று சொல்லி, தங்கவேலு ஜீப்பைத் தட்டி அனுப்பினார்.

அது திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. மலையிறக்கத்திலேயே குழந்தை இறந்து பிறந்தது. ஆண் குழந்தை. ரத்தம் நிற்காததால் ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள்.

சில வருஷங்களில் அக்காவை மலடி என்று சொல்லித் தங்கவேலு வேறு பெண் தேடினார். தேவாரத்தில் ஒரு வீட்டில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தபோது அக்கா உள்ளே நுழைந்தார். நானும் கூடப் போனேன். நடந்ததைக் குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டு, பெண்ணின் தகப்பனாரிடம், "ஒங்க மகளுக்கும் மூட்டைக்குப் பொறகுதான் எடம்" என்றார். அவர் வெற்றிலைத் தட்டை உள்ளே கொண்டுபோகச் சொன்னார்.

வாசலில் தங்கவேலு, "என் குடியைக் கெடுத்துட்டியே" என்றார்.

"ஒன் குடி என் வயித்துலதான் இருந்துச்சு." அக்கா அவரை ஒருமையில் பேசி நான் கேட்டது அன்றுதான்.

அதன்பின் அவர் எந்த ஊருக்குப் பெண் பார்க்கப் போனாலும் அக்கா அங்கே போனார். கடைசிவரை அவருக்குப் பெண் கிடைக்கவில்லை. எனக்கு அது இன்றும் இனிக்கிறது.

தங்கவேலு சாகக் கிடந்தபோது, மன்னித்துவிடச் சொல்லி ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். "அன்னைக்கு மூட்டையை எறக்கச் சொல்லி ஒருத்தராச்சும் வந்தீகளா?" என்று கேட்டார் அக்கா. கடைசிவரை அவரைப் பார்க்கப் போகவில்லை.

அக்காவின் துக்கத்துக்கு வந்த உங்களில் சிலர், எல்லாவற்றையும் மறந்து நிம்மதியாகப் போய்விட்டார் என்றீர்கள். அவர் எதையும் மறக்கவில்லை. அந்தக் கோபத்தை நான் வைத்துக்கொள்கிறேன். என் மகள் இப்போது மாசமாக இருக்கிறாள். நேற்று மருமகனை உட்காரவைத்து இதை முழுக்கச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார்.

குனியட்டும்.