வெளியே போட்ட பூட்டு

என் மகள் செல்விக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. ஒன்பதாம் வயதில் சென்னையில் தலையில் ஆபரேஷன் செய்தார்கள். அதன் பிறகு எட்டு மாதமாக வலிப்பு வரவில்லை. "பள்ளிக்கூடம் அனுப்புங்க, மத்தப் பிள்ளைங்க மாதிரி இருக்கட்டும்" என்றார் டாக்டர். எனக்குத்தான் துணிச்சல் வரவில்லை. வலிப்பு வந்தால் கையில் கொடுக்கும் இரும்புச் சாவிக்கொத்து என் இடுப்பிலேயே இருந்தது.

ராசிபுரத்தில் நாங்கள் தறி நெய்கிறவர்கள். அன்று கணவர் வெளியூர் போயிருந்தார். நெய்த சேலையை முதலாளி வீட்டில் கொடுக்கப் புறப்பட்டேன். செல்வி கிணற்றடிக்குப் போய்விடுவாளோ என்று பயந்து கதவை வெளியே பூட்டினேன். அடுப்பில் கொள்ளி எரிவதை மறந்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது சன்னல் வழியே புகை வந்துகொண்டிருந்தது. அவசரத்தில் சாவி பூட்டில் நுழையவே இல்லை. "செல்வி, சாமி" என்று கதறினேன்.

உள்ளேயிருந்து நிதானமாகக் குரல் வந்தது. "மெதுவாத் தெறங்கம்மா. கொள்ளி சரிஞ்சு நூல் கழிவுல தீப் புடிச்சுது. கொடத்துத் தண்ணிய ஊத்தி அணைச்சுட்டேன்."

கதவு திறந்தது. அவள் முகமெல்லாம் கரி. "தல சுத்துச்சா சாமி?" என்று கேட்டேன்.

"இல்லீங்கம்மா. கதவத் தட்டித் தட்டிக் கைதான் வலிக்குது."

அடுத்த திங்கட்கிழமையே பள்ளியில் சேர்த்தேன். மாத்திரையை மட்டும் இன்றும் நானே எடுத்துக் கொடுக்கிறேன். சாவிக்கொத்து அவளிடம் இருக்கிறது. நான் வர நேரமானால் அவளே வீட்டைத் திறந்து அடுப்பைப் பற்றவைக்கிறாள்.