வலன்ரைன் மாஸ்டர் முடிக்காத பேச்சு

வலன்ரைன் மாஸ்டர் மன்னாரில் பதினேழு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவர். சண்டை முடிந்தபின் மொன்றியலுக்கு அகதியாக வந்து, புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கியே இடுப்பைக் கெடுத்துக்கொண்டவர். ஆனாலும் மே மாதம் எங்கள் கோயில் பங்கு மண்டபத்தில் அவர் பேசாவிட்டால் சண்டையில் செத்தவர்களுக்கு நினைவுநாளே இல்லை.

பேச்சு அவருடையதல்ல. உள்நாட்டுப் போரின் நடுவில் அமெரிக்க ஜனாதிபதி லிங்கன் கெற்றிஸ்பேர்க் மயானத்தில் பேசியது. மாஸ்டர் அதைத் தமிழில் மனப்பாடமாகச் சொல்லுவார். ‘இங்கே நாம் சொல்வதை உலகம் நெடுநாள் நினைவில் வைத்திருக்காது’ என்ற இடத்தில் சனம் தலையாட்டும். ‘இந்த இறந்தவர்கள் வீணாக இறந்ததாக விடமாட்டோம்’ என்ற இடத்தில் கல் நெஞ்சுக்காரனும் அழுதுவிடுவான்.

அவருடைய ஒரே மகள் ஜொய்சி கடைசிச் சண்டையில் காணாமல் போனவள். அப்போது பத்தொன்பது வயது. உயிரோடு இருக்கிறாளா இல்லையா, ஒருவருக்கும் தெரியாது. எங்கள் மண்டபத்தில் செத்தவர்களின் படத்துக்குத்தான் மெழுகுதிரி. காணாமல் போனவர்களின் படத்தை மேசையில் வைப்பதில்லை. வைத்தால் நாங்களே கொன்ற மாதிரி. மாஸ்டரும் மனைவி செலீனும் ஒவ்வொரு ஆவணியும் கோயிலில் பெயர் கொடுத்து, உயிரோடு இருப்பவளுக்குப்போல ஜொய்சிக்குப் பிறந்தநாள் பூசை ஒப்புக்கொடுப்பார்கள்.

இந்த முறை படங்கள் என் பொறுப்பு. யாரோ அனுப்பிய செத்தவர் பட்டியலில் ஜொய்சியின் பெயரும் இருந்தது. மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் புத்தி எங்கே மேயப் போனதோ, கேட்கவில்லை. படத்துக்குச் சட்டம் போட்டு முன்வரிசையில் வைத்துவிட்டேன். பெரிய உபகாரம் செய்த நினைப்பு வேறு.

மாஸ்டர் வழக்கம்போலப் பேசிக்கொண்டு வந்தார். ‘இந்த இறந்தவர்கள்’ என்றபடி மேசையைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். மறந்துவிட்டாராக்கும் என்று முன்னாலிருந்த ஒருவர் ‘வீணாக’ என்று எடுத்துக்கொடுத்தார். மாஸ்டர் இறங்கி வந்து படத்தைக் கையில் எடுத்தார். மன்னிப்புக் கேட்க ஓடினேன். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“இவ்வளவு காலமும் மற்றவையின்ர பிள்ளையளுக்குத்தான் உந்தப் பேச்சைச் சொன்னனான், அல்பேட்,” என்றார். “என்ர பிள்ளைக்குச் சொல்ல வாய் வரேல்லை. வீணாத்தான் போச்சுது.”

படத்தை இருந்த இடத்திலேயே வைத்தார். என்னிடம் நெருப்புப்பெட்டி கேட்டார். கொடுத்தேன், பாவி நான்.

“இஞ்சாருங்கோ, கொளுத்தாதேங்கோ,” என்று பின்னாலிருந்து செலீனக்கா மன்றாடினார்.

மாஸ்டர் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு குச்சி அணைந்து, மூன்றாவதில் திரி பற்றியது.

இந்த ஆவணியில் ஜொய்சியின் பிறந்தநாள் பூசைக்கு ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை.